காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க: சிங்கப்பூர்ல 10 காசை திரும்ப வாங்கறது எப்படி

சிங்கப்பூருக்குப் புதுசா வந்த நம்ம ஆளுங்க நிறைய பேரு கேக்கற கேள்வி இது: "கூல்டிரிங்க்ஸ் வாங்கினா பில்லுல 10 காசு தனியா போட்டிருக்கான், என்னது இது, இன்னொரு டாக்ஸா?" டாக்ஸ் இல்லங்க. அது உங்க காசு. குடிச்சு முடிச்ச பாட்டிலையோ டின்னையோ நீங்க திருப்பிக் கொடுக்கற வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்கற டெபாசிட். கொடுத்தா முழு 10 காசும் வந்துடும், கொடுக்கலேன்னா போச்சு. விஷயம் இவ்வளவுதான், ஆனா எந்த பாட்டில் செல்லும், எது செல்லாது, எப்படி வெச்சிருக்கணும், மெஷின் ஏன் திருப்பித் தள்ளுது, இதெல்லாம் யாரும் உக்கார வெச்சு சொல்லித் தர்றதில்ல, அதனால பாதி பேரு குப்பையிலயே போட்டுட்டுப் போயிடறாங்க. அது எனக்கு மனசு கேக்கல, அதான் ஒவ்வொண்ணா எழுதறேன்.

முதல்ல இது எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு வரி. 2023 மார்ச்சுல பாராளுமன்றத்துல சட்டம் பாஸ் ஆச்சு. 2025 ஏப்ரல்லயே ஆரம்பிக்கறதா இருந்து ஒரு வருஷம் தள்ளிப் போச்சு, தொடங்கற தேதி 2026 ஏப்ரல் 1-ன்னு ஆச்சு. கவர்ன்மெண்ட் பக்கம் பாத்துக்கறது என்இஏ, அதாவது தேசிய சுற்றுப்புற வாரியம். நடத்தற லைசென்ஸ் வாங்கினது கோகா கோலா, எஃப் அண்ட் என், போக்கா மூணு கம்பெனியும் சேந்து ஆரம்பிச்ச ஒரு நிறுவனம். டிரிங்க்ஸ் தயாரிக்கறவங்களும் இறக்குமதி பண்றவங்களும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அந்த நிறுவனத்துகிட்ட டெபாசிட் கட்டறாங்க, அது கடைக்குப் போகுது, கடையில இருந்து உங்க தலையில வருது, நீங்க காலி பாட்டிலைக் கொடுத்தா அந்த சுத்து முடியுது. கொடுக்காம விட்ட காசு திட்டத்தை நடத்தற செலவுக்குப் போயிடும், உங்களுக்குத் திரும்ப வர வேற வழி கிடையாது. மூணாவது வருஷத்துக்குள்ள 80 சதவீதம் பாட்டிலும் டின்னும் திரும்ப வரணும்னு இலக்கு வெச்சிருக்காங்க.

நம்ம ஊர்ல டாஸ்மாக் கடையில பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர்றாங்கல்ல, 2022-ல நீலகிரியில ஆரம்பிச்சாங்களே, காட்டுக்குள்ள கண்ணாடிச் சில்லு கிடந்து யானை காலைக் கிழிக்குதுன்னு ஹைகோர்ட் வரைக்கும் போன விஷயம். அதே ஐடியாதான். அங்க கண்ணாடி பாட்டில், இங்க பிளாஸ்டிக் பாட்டிலும் தகர டின்னும்.

எது செல்லும், எது செல்லாது

இதுதான் எல்லாரும் குழம்பற இடம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பிளாஸ்டிக் பாட்டில், அலுமினியம் இல்லேன்னா தகர டின், இந்த ரெண்டு மட்டும்தான். அளவு 150 மில்லியில இருந்து 3 லிட்டர் வரைக்கும். தண்ணி பாட்டில், கோக், 100 பிளஸ், போக்கா கிரீன் டீ, டின்னுல வர்ற மைலோ, வேர்வையில போன உப்பை ஈடு கட்டக் குடிக்கற ஐசோடானிக், டின் பீர், எல்லாம் இதுக்குள்ள வரும். சின்னது பெருசுன்னு வித்தியாசம் இல்ல, 300 மில்லி டின்னுக்கும் 10 காசு, ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கும் அதே 10 காசுதான்.

செல்லாதது பெரிய லிஸ்ட்டு. பேப்பர் அட்டையில வர்ற பாக்கெட் டிரிங்க்ஸ், ஸ்ட்ரா குத்திக் குடிப்போமே அது, செல்லாது. கண்ணாடி பாட்டில் செல்லாது, காப்பிக்கடையில மேசை மேல வைக்கற பெரிய பீர் பாட்டிலும் அதுல அடக்கம். யாக்குல்ட் குட்டி பாட்டில் 100 மில்லிதான், அதனால அதுவும் இல்ல. 5 லிட்டர் தண்ணி கேன் அளவு மீறிப் போச்சு. கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத காப்பி வாங்கற பிளாஸ்டிக் பை, பபிள் டீ கப்பு, எண்ணெய் பாட்டில், சோயா சாஸ், ஷாம்பு, கண்டென்ஸ்ட் மில்க் டின்னு, இதெல்லாம் குடிக்கற பானமா அடைச்சு சீல் வெச்சு விக்கற பாட்டில் இல்ல, அதனால வராது.

இவ்வளவையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒரே ஒரு விஷயம் பாத்தா போதும். லேபிள்ல டெபாசிட் மார்க் இருக்கான்னு பாருங்க. அந்த மார்க் இருந்தா காசு உண்டு, இல்லேன்னா இல்ல. டெபாசிட் கட்டின பாட்டில்ல மட்டும்தான் அது அச்சடிச்சிருக்கும்.

இதனாலதான் ரெண்டு விஷயத்துல நம்மாளுங்க ஏமாந்து போறாங்க. ஒண்ணு, சனி ஞாயிறுல ஜோகூர் பாரு போயி விலை கம்மின்னு கேஸ் கேஸா டிரிங்க்ஸ் வாங்கிட்டு வர்றது. அது மலேசியா ஸ்டாக்கு, இங்க டெபாசிட் கட்டாதது, மார்க் இருக்காது, பாக்கறதுக்கு அதே கம்பெனி அதே டின்னா இருந்தாலும் மெஷின் எடுக்காது. ரெண்டாவது, பழைய ஸ்டாக்கு. 2026 செப்டம்பர் 30 வரைக்கும் ஆறு மாசம் மாத்திக்கற காலம்னு கொடுத்திருக்காங்க, அதுக்குள்ள மார்க் உள்ள பாட்டிலும் மார்க் இல்லாத பாட்டிலும் ஒரே அலமாரியில பக்கத்துல பக்கத்துல நிக்கலாம். மார்க் இல்லாததுக்கு டெபாசிட் வாங்கவும் கூடாது, திருப்பித் தரவும் மாட்டாங்க. அதனால இந்த மாசங்கள்ல பில்லை ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க. டிரிங்க்ஸ் விலை ஒரு வரி, டெபாசிட் தனி வரி. மார்க் இல்லாத டின்னுக்கு டெபாசிட் போட்டிருந்தா கவுண்டர்லயே கேட்டுடுங்க, வீட்டுக்கு வந்து யோசிச்சு பிரயோஜனம் இல்ல. அக்டோபர் 1-ல இருந்து விக்கறது எல்லாத்துலயும் மார்க் இருந்தாகணும், அப்புறம் இந்தக் குழப்பம் தீந்துடும்.

வீட்டுல என்ன பண்ணணும்

குடிச்சு முடிச்ச உடனே கொஞ்சம் தண்ணி விட்டு ஒரு ஆட்டு ஆட்டி கவுத்து வைங்க. சோப்பெல்லாம் போட்டு பாத்திரம் கழுவற மாதிரி கழுவ வேண்டியதில்ல. ஆனா இந்த ஊரு வெக்கைக்கு டின்னுல ஒரு வாய் கோக் மிச்சம் இருந்தா போதும், மறுநாள் காலையில எறும்பு வரிசை கட்டிடும், ரெண்டு நாள்ல கரப்பான். சர்க்கரை இல்லாத தண்ணி பாட்டிலா இருந்தாலும் உள்ள தண்ணி நின்னா கொசு பிரச்னை, டெங்கி இங்க விளையாட்டு இல்ல, என்இஏ ஆளுங்க வீட்டுக்கே வந்து பூந்தொட்டி பக்கெட்னு செக் பண்ணுவாங்க. அதனால காலியா, காஞ்சதா இருக்கணும். பாட்டிலுக்கு மூடியைப் போட்டே வைங்க, தூக்கிட்டுப் போறப்ப பையில ஒழுகாது.

இப்ப முக்கியமான விஷயம். நசுக்காதீங்க.

இதை ஏன் தனியா சொல்றேன்னா, நம்ம கை தானா நசுக்கும். டின்னைக் குடிச்சு முடிச்சதும் ஒரு அமுக்கு அமுக்கி வெக்கறது பலருக்கும் பழக்கம், பாட்டிலை முறுக்கி வெச்சா குப்பைப் பையில இடம் மிச்சம்னு வீட்டுப் பெரியவங்களே சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஆனா இந்த மெஷினுக்கு பாட்டிலு முழு உருவத்தோட வரணும். உள்ள போனதும் அது பார்கோடைத் தேடிப் படிக்கும், மார்க் இருக்கான்னு பாக்கும், சைஸும் உருவமும் அந்த பார்கோடுக்கு சரியா இருக்கான்னு பாக்கும். நசுங்கின டின்னுல பார்கோடு மடிஞ்சு போயிருக்கும், படிக்க முடியாது, வெளிய தள்ளிடும். ஏத்துக்கிட்ட பிறகு மெஷினே உள்ள நசுக்கிக்கும், அப்படி நசுக்கறதுனாலதான் அதே பாட்டிலை இன்னொரு தடவை கொண்டு வந்து யாரும் காசு வாங்க முடியாம போகுது. ஆக நசுக்கற வேலை மெஷினோடது, நீங்க முழுசா கொண்டு போனா போதும். இதே காரணத்துக்காகத்தான் லேபிளையும் கிழிக்கக் கூடாது. தண்ணி பாட்டில்ல பிளாஸ்டிக் லேபிளை உரிச்சு விளையாடற பிள்ளைங்க வீட்டுல இருந்தா முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, லேபிள் போனா பார்கோடும் போச்சு, மார்க்கும் போச்சு.

நசுக்காம வெச்சா இடம் அடைக்கும், அது உண்மை. ஒரு கேஸ் டின்னு வாங்கினா அந்த அட்டைப் பெட்டியை எறியாம வெச்சுக்கோங்க, காலியானதை அதுலயே திரும்ப அடுக்கினா அழகா உக்காந்துக்கும், எடுத்துட்டுப் போகவும் லேசு. 24 டின்னுன்னா 2 வெள்ளி (வெள்ளின்னா சிங்கப்பூர் டாலர்) 40 காசு, எண்ண வேண்டிய வேலையும் இல்ல. பாட்டிலுக்கு பெரிய ரீசைக்கிள் பை ஒண்ணு கதவுக்குப் பின்னாடி கொக்கியில மாட்டி வைங்க. ஹெச்டிபி வீடா, அதாவது கவர்ன்மெண்ட் கட்டின அடுக்குமாடி வீடா இருந்தா காரிடார்ல மூட்டை கட்டி வைக்காதீங்க, நடைபாதையில 1.2 மீட்டர் வழி விடணும்னு தீயணைப்பு ரூல் இருக்கு, டவுன் கவுன்சில் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போவாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க மனஸ்தாபம் வேற.

எங்க கொண்டு போறது

200 சதுர மீட்டருக்கு மேல இருக்கற சூப்பர்மார்க்கெட் எல்லாம் திருப்பிக் கொடுக்கற இடம் வெச்சாகணும்னு ரூல். அதனால உங்க பேட்டையில இருக்கற பெரிய ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் மாதிரி கடையோட வாசல்லயோ பக்கத்துலயோ முதல்ல தேடுங்க. பாக்க டிரிங்க்ஸ் விக்கற மெஷின் மாதிரியே ஆளுயரத்துக்கு நிக்கும், நடுவுல வட்டமா ஒரு ஓட்டை இருக்கும்.

வாங்கின கடையிலயே கொடுக்கணும்னு கிடையாது. பில்லும் தேவையில்ல. தேக்காவுல வாங்கின தண்ணி பாட்டிலை ஜூரோங்ல போடலாம், வெண்டிங் மெஷின்ல வாங்கின டின்னை ஃபேர்பிரைஸ்ல போடலாம். மார்க் இருக்கற எந்த பாட்டிலும் எந்த மெஷின்லயும் செல்லும்.

என்னைக் கேட்டா இதுக்குன்னு தனியா ஒரு நடை போகாதீங்க. எப்படியும் வாரத்துக்கு ஒரு தடவை மளிகை வாங்கப் போவீங்கல்ல, போறப்ப காலிப் பையில காலி பாட்டிலு, வர்றப்ப அதே பையில சாமான். தனி வேலையா வெச்சீங்கன்னா ரெண்டு வாரம் நடக்கும், மூணாவது வாரம் மூட்டை அப்படியே கிடக்கும். எம்ஆர்டியில எடுத்துட்டுப் போனா பை ஒழுகாம பாத்துக்கோங்க, அப்புறம் ஒரு பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் இருக்கேன்னு டிரெயினுக்குள்ள வெச்சு குடிச்சுடாதீங்க, டிரெயின்லயும் ஸ்டேஷனுக்குள்ளயும் சாப்பிடறதும் குடிக்கறதும் 500 வெள்ளி வரைக்கும் அபராதம், வெறும் தண்ணியா இருந்தாலும் சரி. புதுசா வந்தவங்களுக்கு இது தெரியாது.

மெஷின் முன்னாடி நின்னு

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்கும், முடிஞ்சா வார நாள்ல ராத்திரி போங்க. மத்தபடி பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. திரையில தொடங்கற பட்டனைத் தொடுங்க. ஒட்டியிருக்கற படத்துல எப்படி காட்டியிருக்கோ அப்படி ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு பாட்டில் போடுங்க. ரெண்டு மூணை சேத்து திணிச்சா குழம்பிப் போயி நின்னுடும். கையை ஓட்டைக்குள்ள விடாதீங்க. ஒண்ணு போயி திரையில எண்ணிக்கை ஏறின பிறகு அடுத்தது. பிளாஸ்டிக், டின்னு ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டாலும் அதுவே பிரிச்சுக்கும்.

எல்லாம் போட்டு முடிச்சதும் அவசரத்துல திரும்பி நடந்துடாதீங்க. முடிச்சாச்சுங்கற பட்டனைத் தொட்டு, காசு எதுல வேணும்னு திரையில கேக்கும், அதைத் தேர்ந்தெடுங்க. எல்லாருக்கும் சுலபமானது ஈஸி-லிங்க் கார்டு. பஸ்ஸுல டச் பண்ற மாதிரியே மெஷின்ல கார்டைக் காட்டி, காசு ஏறிடுச்சுன்னு திரையில வர்ற வரைக்கும் எடுக்காம வெச்சிருங்க. இதுல ஒண்ணு கவனிங்க, ஈஸி-லிங்க்னா காசு ஏத்தி வெச்சுப் பயன்படுத்தற கார்டு. பேங்க் டெபிட் கார்டையே பஸ்ஸுல டச் பண்ணிட்டுப் போறவங்களும் இருக்காங்க, அது வேற வகை, அதுல மீதிப் பணம்னு எதுவும் உக்காந்திருக்காது. அதனால அப்படிப் போறவங்க பழைய ஈஸி-லிங்க் கார்டு ஏதாவது டிராயர்ல கிடந்தா எடுத்துட்டு வாங்க, இல்லேன்னா போன் ஆப்ல வாங்கற வழி திரையில காட்டினா அதைப் பயன்படுத்துங்க. பாட்டிலைப் போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணிட்டு நிக்கறது நல்லது, பின்னாடி நாலு பேரு வரிசையில நிக்கறப்ப பையைத் துழாவிட்டு நிக்க வேண்டாம்.

மெஷின் ஒரு பாட்டிலைத் திருப்பித் தள்ளினா கோவப்படாம எடுத்துப் பாருங்க. உள்ள தண்ணி இருக்கா, பார்கோடு அழுக்கா இருக்கா, மடிஞ்சிருக்கா. துடைச்சு, லேசா ஒடுங்கியிருந்தா கையால நிமித்தி, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. அப்பவும் வேண்டாம்னா மார்க்கைத் தேடுங்க, பெரும்பாலும் மார்க் இல்லாத பழைய ஸ்டாக்காவோ ஜோகூர் டின்னாவோதான் இருக்கும். அதை மெஷின் மேலயோ பக்கத்துலயோ வெச்சுட்டு வராதீங்க, தயவு செஞ்சு. அதுவும் குப்பை போட்ட கணக்குதான், சட்டப்படி முதல் தடவைக்கே 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போட முடியும். பையில திரும்பப் போட்டு வந்து வீட்டு பிளாக்குல இருக்கற ரீசைக்கிள் தொட்டி, அதான் புளூ பின்னு, அதுல போடுங்க.

மெஷின் நிறைஞ்சு போச்சுன்னு வந்தா ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்த மெஷின் பாக்க வேண்டியதுதான். பாட்டிலை எடுத்துக்கிட்டு காசு ஏறலேன்னா, திரையை அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, மெஷின் மேல ஒட்டியிருக்கற நம்பரையும் சேத்து. நேரத்தைக் குறிச்சுட்டு அதுல கொடுத்திருக்கற தொடர்புக்கு எழுதுங்க. சூப்பர்மார்க்கெட் கவுண்டர்ல நிக்கற அக்காகிட்ட போயி சத்தம் போடாதீங்க, மெஷின் அவங்க கையில இல்ல.

டார்மிட்டரியில இருக்கறவங்களுக்கு

டார்மிட்டரின்னா வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்தவங்க சேந்து தங்கற விடுதி. இதை நான் மனசார எழுதறேன், ஏன்னா இந்தத் திட்டத்துல அதிகமா காசு விடற ஆளுங்களும் அதிகமா காசு எடுக்கக் கூடியவங்களும் இவங்கதான். வெயில்ல சைட்டுல நிக்கறவங்க ஒரு நாளைக்கு ஒரு ஐசோடானிக்கோ ஒரு தண்ணி பாட்டிலோ வாங்காம இருக்க முடியாது. ஒரு ரூம்ல 12 பேருன்னு வைங்க, ஆளுக்கு தினம் ஒரு பாட்டில், 30 நாள். 360 பாட்டில், 36 வெள்ளி. அது ரூமுக்கு மாசா மாசம் அரிசியோ எண்ணெயோ வாங்கற காசு.

ஆனா தனித் தனியா ஒவ்வொருத்தரும் ரெண்டு பாட்டிலைத் தூக்கிட்டு மெஷின் தேடிப் போறது நடக்காத காரியம். பொதுவா பண்ணுங்க. ரூமுக்கு ஒரு பெரிய பை, எல்லாரும் அதுலதான் போடணும், வாரத்துக்கு ஒருத்தர் முறை வெச்சு கொண்டு போகணும், காசு யாரு கார்டுல ஏறுதுன்னு முன்னாடியே பேசி முடிச்சுடணும். யாரோ ஒருத்தர் கார்டுல ஏத்திட்டு அந்தத் தொகையை ரூம் கணக்குல எழுதி வெச்சுக்கிட்டா சண்டை வராது. சைட்டுல குடிக்கற பாட்டிலையும் விட்டுடாதீங்க, லாரியில ஏறும்போது ஆளுக்கு ஒண்ணு கையில எடுத்துட்டு வந்தா போதும். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி சைட்டுலயே ஒரு பை மாட்டினா இன்னும் நல்லது, சைட்டு சுத்தமாவும் இருக்கும். ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா வர்றவங்க ரேஸ் கோர்ஸ் ரோடு திடல்ல உக்காந்து குடிச்சுட்டு பாட்டிலை அங்கயே விட்டுட்டு எழுந்து போறதை எத்தனை தடவை பாத்திருப்பீங்க. ஒவ்வொண்ணும் 10 காசு, அத்தோட நம்மாளுங்களைப் பத்தி மத்தவங்க பேசற பேச்சும் அந்தப் புல்லுலதான் கிடக்குது.

வேற யாருக்காவது உதவற பாட்டில்

காப்பிக்கடையில, சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்கற ஹாக்கர் சென்டர்ல டின்னு டிரிங்க்ஸ் வாங்கி அங்கயே உக்காந்து குடிக்கறப்ப டெபாசிட் வாங்கறாங்களா இல்லையான்னு கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வாங்கியிருந்தா டின்னை எடுத்துட்டுப் போக உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா மேசை துடைக்கற ஆன்டி அந்த டின்னை ஓரமா சேத்து வெக்கறதைப் பாத்தா அவங்ககிட்டயே விட்டுடுங்க, ரொம்ப காலமா டின்னு சேத்து எடைக்குப் போட்டு வர்றவங்க அவங்க. வீட்டு பிளாக்குக்குக் கீழ தள்ளுவண்டியில அட்டையும் டின்னும் சேக்கற வயசான அங்கிள் ஆன்டி இருப்பாங்க. மெஷினுக்குப் போக நேரமே இல்லாதவங்க நசுக்காத டின்னைப் பையில கட்டி அவங்க கையில நேரா கொடுங்க, புளூ பின்னுக்குள்ள கையை விட்டுத் துழாவ வேண்டிய நிலைமை அவங்களுக்கு வராது. நீங்களும் புளூ பின்னைக் கிளறி பாட்டில் எடுக்காதீங்க. உள்ள உடைஞ்ச கண்ணாடி இருக்கும், கலைஞ்ச குப்பையை அப்புறம் யாரோ ஒருத்தர் அள்ளணும்.

காராங்குனி அங்கிள் இன்னும் வர்றாரு சில பேட்டைகள்ல, ஹாரன் அடிச்சுக்கிட்டே, நம்ம ஊரு பழைய பேப்பர்காரர் மாதிரிதான். பழைய நியூஸ்பேப்பர், துணி, ரிப்பேரான ஃபேன் எல்லாம் அவருகிட்ட போடலாம். மார்க் உள்ள டின்னை மட்டும் எடைக்குப் போடாதீங்க, ஒரு டின்னு சுமார் 15 கிராம்தான் இருக்கும், எடைக் கணக்குல 10 காசு பக்கத்துல கூட வராது.

மார்க் இல்லாததை என்ன பண்றது

ஒவ்வொரு ஹெச்டிபி பிளாக்குக்கும் புளூ பின்னு இருக்கு. கண்ணாடி பாட்டில், டிரிங்க்ஸ் பாக்கெட் அட்டை, ஷாம்பு பாட்டில், மார்க் இல்லாத டின்னு, எல்லாம் அலசிட்டு அதுல போடலாம். இதுல போடற பாட்டிலை நசுக்கலாம், இங்க இடம்தான் முக்கியம். சாப்பாடு ஒட்டின பேப்பர், ஸ்டைரோஃபோம் டப்பா, டிஷ்யூ போடக் கூடாது. புளூ பின்னுல விழறதுல சுமார் 40 சதவீதம் அழுக்காவோ போடக் கூடாததாவோ இருக்குதாம், ஒரு பாதி குடிச்ச பபிள் டீயை யாராவது தூக்கிப் போட்டா மேல இருக்கற நல்ல பேப்பர் மொத்தமும் நனைஞ்சு வீணாகிடும். 2024-ல வீடுகள்ல இருந்து ரீசைக்கிள் ஆனது 11 சதவீதம்தான், இவ்வளவு சுத்தமான ஊருல இந்த நம்பரை முதல் தடவை கேக்கறவங்க நம்ப மாட்டாங்க.

டெபாசிட் ஏன் வெச்சாங்கன்னா இதுக்காகத்தான். மெஷின் வழியா வர்ற பாட்டில்ல மீன் குழம்பு ஒட்டியிருக்காது, ஒரே வகை பிளாஸ்டிக்கா சுத்தமா வரும், அதை மறுபடி டிரிங்க்ஸ் பாட்டிலாவே ஆக்க முடியும். அலுமினியம் டின்னை உருக்கி திரும்ப டின்னு பண்ணா, மண்ணுல இருந்து தாதுவைத் தோண்டி புதுசா பண்றதுக்கு ஆகற சக்தியில சுமார் 95 சதவீதம் மிச்சம். இல்லாட்டி இங்க எல்லாக் குப்பையும் எரிக்கத்தான் போகுது. எரிச்ச சாம்பல் கப்பல்ல ஏறி புலாவ் செமகாவுக்குப் போகுது, 1999-ல திறந்த இடம், கடலுக்குள்ள அணை கட்டி உண்டாக்கினது. 2035 வாக்குல அது நிறைஞ்சுடும்னு சொல்றாங்க, அடுத்து இன்னொண்ணு கட்ட இந்தச் சின்னத் தீவுல இடம் எங்க இருக்கு?

கடைசியா கார்டுல சேர்ற காசைப் பத்தி. 10 காசு 10 காசா ஏறுறதை யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா அது பஸ்ஸுக்கும் எம்ஆர்டிக்கும் அப்படியே கழியும், ஈஸி-லிங்க் எடுத்துக்கற கடையில சாமானும் வாங்கலாம். பர்மிட் முடிஞ்சு ஊருக்கே திரும்பிப் போறவங்க, கார்டை நினைவுக்குன்னு பெட்டியில போட்டுட்டுப் போயிடாதீங்க, எம்ஆர்டி ஸ்டேஷன் டிக்கெட் ஆபீஸ்ல கொடுத்தா அதுல மிச்சம் இருக்கற பணத்தைத் திரும்ப வாங்கலாம். எல்லா ஸ்டேஷன்லயும் டிக்கெட் ஆபீஸ் கிடையாது, அதனால ஏர்போர்ட் கிளம்பற அன்னிக்குன்னு வெச்சுக்காம ரெண்டு நாள் முன்னாடியே முடிச்சுடுங்க.